பின் ஹை ஆகவில்லையா? 8051, பிக், ஏவிஆர், ஈஎஸ்பி32 ஒப்பீடு

திருகோணமலையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு கணினிச் சிப்) கெட்டால் மாற்றுச் சிப் பெரும்பாலும் கொழும்பு புறக்கோட்டையிலிருந்துதான் வரவேண்டும். அதனால் "பின் செத்துப்போச்சு" என்று முடிவு கட்ட அவசரப்படக்கூடாது. 1 எழுதியும் ஹை ஆகாத, அதாவது சப்ளை வோல்ற் அளவுக்கு உயராத பின்களில் (சிப்பின் கால்களில்) பல நல்ல பின்கள்தான். எந்தச் சிப் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை. பின்னில் கொழுவியிருக்கும் ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்), எல்ஈடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிப்பின் சப்ளையிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பின்னுக்குக் கொடுத்து, புரோகிராமில் 1, 0 என்று மெதுவாக மாற்றி மல்டிமீற்றரில் பாருங்கள். ஏறி இறங்கினால், பின்னுக்குக் கீழே இழுக்கும் பலம் இருக்கிறது. மேலே தள்ளும் பலம் இல்லாமல் இருக்கலாம், அல்லது நீங்கள் கழற்றிய சுமைதான் அதிகம். எப்போதும் மேலேயே நின்றால், பின் இன்னும் இன்புட்டாகவே இருக்கிறது. எப்போதும் கீழேயே கிடந்தால் புரோகிராம், ஷோர்ட், எரிந்த பின் என்ற வரிசையில் தேடுங்கள்.

இதில் 8051 ஆட்களை அதிகம் ஏமாற்றும். 8051 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52-இன் போர்ட் 0 (ஒரு பின் குழு) ஓபன் டிரெயின், அதாவது கீழே இழுக்க மட்டுமே தெரியும். 1 எழுதினால் பின் விடுபடும், தானாக உயராது. வெளியே புல்-அப் (சப்ளையிலிருந்து பின்னை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) வேண்டும். மற்ற மூன்று போர்ட்டுகளிலும் உள்ளே புல்-அப் உண்டு, ஆனால் மிகப் பலவீனம். 60 மைக்ரோ அம்பியர் எடுத்தாலே 2.4 வோல்ற் வரைக்கும் இறங்கலாம். அதே பின் கீழே இழுக்கும்போது 10 மில்லி அம்பியர் தாங்கும். ஆகவே எல்ஈடியைச் சப்ளைப் பக்கமிருந்து பின்னுக்குக் கொடுப்பதே சரி. நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் திறந்தபடி வைத்த போர்டில் உப்பும் ஈரமும் படிந்து 40 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு உண்டானால், இந்தப் பலவீனமான பின்னை விழுத்த அதுவே போதும். ஏவிஆர் அதைக் கவனிக்கவே கவனிக்காது. போர்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துலக்கிக் காயவிட்டு மறுபடி பாருங்கள்.

பிக்16எஃப்877ஏ வேறு விதம். ஆர்ஏ4 மட்டும் ஓபன் டிரெயின். பின்னின் திசையைத் தீர்மானிக்கும் ட்ரிஸ் ரெஜிஸ்டரில் 0 எழுதினால்தான் அவுட்புட். ஏவிஆரில் பழகியவர்கள் 1 எழுதிவிடுவார்கள். உண்மையான தலையிடி அனலொக் பின்களில்தான். ரீசெட் ஆனதும் போர்ட் ஏ பின்கள் பெரும்பாலும் அனலொக்காக (வோல்ற் அளவை அளக்கும் நிலையில்) இருக்கும். வாசித்தால் 0 என்றே சொல்லும். ஆர்ஏ0-வை ஹை ஆக்கிவிட்டு, அடுத்த வரியில் ஆர்ஏ1-ஐ ஹை ஆக்கினால், சிப் முழுப் போர்ட்டையும் வாசித்துத் திருப்பி எழுதும்போது ஆர்ஏ0 விழுந்துவிடும். அனலொக்கா டிஜிற்றலா என்று தீர்மானிக்கும் ஏட்கொன்1 ரெஜிஸ்டரில் 6 எழுதி டிஜிற்றல் ஆக்குவது முதல் மருந்து. பிக்18 வகையில், எழுதியதைத் தனியே வைத்திருக்கும் லாட் ரெஜிஸ்டர் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கலுக்கு நேரான வழி உண்டு.

பிழை தேடுவதற்கு எனக்கு ஏவிஆர்தான் பிடிக்கும். ஏடிமெகா328பி இரண்டு பக்கமும் பலமாகத் தள்ளும்: 5 வோல்ற்றில் 20 மில்லி அம்பியர் கொடுத்தும் 4.2 வோல்ற்றுக்குக் குறையாது. எல்ஈடி மங்கலாக எரிந்தால், பின்னை அவுட்புட் ஆக்க மறந்துவிட்டீர்கள். உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்-அப்தான் அதை எரிக்கிறது. இந்தச் சிப் பொருத்தியே வரும் அர்டுயினோ போர்டை விட்டு வெறும் சிப்புக்குப் போகிறவர்கள் ஏவிசிசி என்ற சப்ளைக் காலைக் கொழுவாமல் விடுவதுண்டு. போர்ட் சி-யின் முதல் நான்கு பின்களுக்கும் சப்ளை அதிலிருந்துதான். ஏடிமெகா32 என்றால், பிசி2 முதல் பிசி5 வரை ஜேடாக் (சிப்பைச் சோதிக்கும் இணைப்பு) பிடித்து வைத்திருக்கும், அதை நிறுத்தவேண்டும்.

ஈஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையான பின்கள் இன்புட் மட்டும். எந்தப் புரோகிராமும் அவற்றை ஹை ஆக்காது, வேறு பின்னுக்கு மாறுங்கள். மற்ற பின்கள் ஹை ஆனாலும் 3.3 வோல்ற்தான். பின் லோ (0 வோல்ற்) ஆகும்போது இயங்கும் 5 வோல்ற் ரிலே மொடியூல் சிலவற்றை நிறுத்த அது போதாமல் போகும்.

தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பை இயக்கும் வேலை என்றால், வைஃபை தேவையில்லாதபோது நான் 328பி-ஐத்தான் போடுவேன். வைஃபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி32-ஐ எடுத்து, 1 கிலோ ஓம் வழியாக ஒரு என்பிஎன் ட்ரான்சிஸ்டரை இயக்கி, அதைக்கொண்டு ரிலேயை இழுக்கவைப்பேன். ரிலேயின் கொயிலுக்குக் (கம்பிச் சுருளுக்கு) குறுக்கே டையோட் கட்டாயம்.