கொய்யாவுக்கு எந்த வேர்? பதியன், நாட்டு ஒட்டு, கலப்பின ஒட்டு: ஓர் ஒப்பீடு

கொய்யாக் கன்று வாங்கப் போனால் முதலில் ரகத்தைத்தான் கேட்போம். லக்னோ 49-ஆ, தைவான் பிங்க்கா, அர்கா கிரணா என்று. வேர் எதனுடையது, அது எந்த மண்ணில் வளர்ந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஒரு ஏக்கரில் தைவான் பிங்க் பதியன் கன்றுகளை நட்டேன். மூன்றாம் வருடம் இலைகள் செம்பு நிறமாக மாறின. துத்தநாகச் சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் தெளித்தேன். காய் சிறுத்தது, பழுக்காமல் கல் மாதிரி இறுகியது. ஒரு காற்று நாளில் சாய்ந்த மரத்தைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு போல முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. தண்ணீரை உறிஞ்சும் சல்லிவேர் ஒன்றுகூட மிச்சமில்லை.

நடவு போக மிஞ்சிய நாலைந்து கன்றுகள் கிணற்றடியில் பையோடு கிடந்தன. சந்தேகத்தில் ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். அதிலும் அதே முடிச்சுகள். ஆக, நோய் என் காட்டில் இருந்து வரவில்லை, காசு கொடுத்து வாங்கிய பையோடு வந்திருக்கிறது.

"ஒட்டுச் செடி வாங்கியிருந்தால் இது வந்திருக்காது" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். அதன்பின் பலரும் அதையே சொன்னார்கள். ஒட்டு என்றாலே நோய் வராது என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக இருக்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்று தேடியதில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதிரியைப் பற்றி. இது வேர் முடிச்சு நூற்புழு. அதிலும் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற இனம். 1983-இல் சீனாவில், ஹைனான் தீவின் ஒரு மரத்து வேரிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கொய்யாவில் இருப்பதாக 2016-இல் பதிவானது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு வேர் நுனியில் நுழைந்து, உள்ளே ஓரிடத்தில் உட்கார்ந்து, சுற்றியுள்ள செல்களைப் பெருக்க வைத்து அதையே உறிஞ்சிக் குடிக்கும். அந்த வீக்கம்தான் முடிச்சு. பெண் புழு முட்டையிட ஆண் தேவையில்லை, ஒரு முட்டைக் கூட்டில் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். பையில் ஒரே ஒரு குஞ்சு வந்தாலும் போதும் என்பதற்கு இதுதான் காரணம். மற்ற வேர் முடிச்சு இனங்களைத் தாங்கும் எம்ஐ மரபணு உள்ள தக்காளி ரகங்களும் இந்த இனத்திடம் தோற்றுப்போகின்றன.

புழு மட்டும் என்றால் மரம் நலிந்தாவது நிற்கும். பூசணம் சேரும்போதுதான் சாகிறது. பிரேசிலில் இதைத் தெளிவாகச் சோதித்தார்கள். ஃப்யூசேரியம் சொலானி என்ற பூசணத்தைத் தனியாகக் கொடுத்த கொய்யாக் கன்றுகளில் வேர் அழுகவில்லை. நூற்புழு இருந்த கன்றுகளில் அதே பூசணம் வேரை அழுகச் செய்தது.

வட இந்தியாவின் பழைய வாடல் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலகாபாத் பக்கம் 1935 முதலே அறியப்பட்ட வாடல் அது. மழைக்காலத்துக்குப் பின் மரம் சட்டென்று காயும், வேரில் முடிச்சு இருக்காது. எந்த வேர் வேண்டும் என்று முடிவு செய்யும் முன், நம் தோட்டத்தில் இருப்பது இந்த இரண்டில் எது என்று தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

சரி, இப்போது கன்றுகளுக்கு வருவோம்.

பதியன்தான் நம் பக்கத்தில் அதிகம். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, பாசியோ தென்னை நார்க்கழிவோ வைத்து, பாலித்தீன் சுற்றிக் கட்டினால் காற்றிலேயே வேர் விடும். வெட்டி எடுக்கும் நாளில் அந்த வேர் மண்ணையே தொட்டிருக்காது. நூற்புழுவைப் பொறுத்தவரை இதைவிடச் சுத்தமான வேர் எந்த முறையிலும் கிடைக்காது. என் கன்றுகளைக் கெடுத்தது பதியன் முறை என்று சில காலம் நானும் நினைத்திருந்தேன், அது தப்பு. அதன்பின் நடந்ததுதான் கெடுத்தது. பதியனை வெட்டிப் பையில் வைக்கும்போது, பக்கத்துக் காட்டிலோ தாய் மரங்களுக்கு அடியிலோ அள்ளிய மண்ணைப் போடுகிறார்கள். பைகளை வெறும் தரையில் அடுக்குகிறார்கள். பையின் ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடுகிறது. சுத்தமாகப் பிறந்த வேர் அங்கே நோயை வாங்கிக்கொள்கிறது.

பதியனுக்கு வேறு குறைகளும் உண்டு. ஆணிவேர் கிடையாது. மேல்மண்ணிலேயே வேர் பரவுவதால் வறட்சியும் காற்றும் தாங்காது. சொட்டுநீர் இருந்தால் வறட்சியைச் சமாளிக்கலாம், காற்றுக்கு முதல் இரண்டு வருடம் குச்சி ஊன்ற வேண்டும். வேரும் மேலே உள்ள ரகமேதான். லக்னோ 49 ஆனாலும் தைவான் பிங்க் ஆனாலும் வேரில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. நிலத்தில் புழு இருந்தால் எவ்வளவு சுத்தமான பதியனும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது, நாற்றங்காலில் "ஒட்டு" என்று விற்கப்படும் கன்று. இதைத்தான் நாட்டு ஒட்டு என்கிறேன். கொய்யா விதையை முளைக்க வைத்து, தண்டு பென்சில் கனம் ஆனதும் மேலே வேண்டிய ரகத்தின் குச்சியை ஆப்பு ஒட்டாகச் சொருகுகிறார்கள். இதற்கு ஆணிவேர் உண்டு, மானாவாரி மேட்டு நிலத்துக்கு நல்லதுதான். ஆனால் அடிவேர் எதனுடையது? அதுவும் கொய்யாதான். பழக்கூழ் ஆலையில் மிஞ்சிய விதையாக இருந்தாலும், ஆயக்குடிச் சந்தையில் வாங்கிய பழத்து விதையாக இருந்தாலும் நூற்புழுவுக்கு அது சாப்பாடு. எதிர்ப்புச் சக்தியில் பதியனுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். பதியன் பையில் இருப்பது சில வாரங்கள்தான். ஒட்டுக் கன்று விதையிலிருந்து விற்பனை வரை பல மாதங்கள் அந்தப் பை மண்ணிலேயே வேர் விட்டு நிற்கிறது. மண் கெட்டது என்றால் பதியனைவிட இதற்குத்தான் ஆபத்து அதிகம். கூடுதல் விலை கொடுத்து, "ஒட்டு" என்ற சொல்லை நம்பி இதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் நோயைத் தடுக்கும் ஒட்டு என்றால் அடிவேர் வேறு செடியாக இருக்க வேண்டும். நமக்கு இது புதிதும் இல்லை. சப்போட்டாவைப் பாலை மரத்து வேரில் ஒட்டுகிறோம். கத்தரியைச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுவதும் வந்துவிட்டது. கொய்யாவுக்கும் அப்படி உறவுக்காரச் செடிகள் உண்டு.

முதலில் எல்லோரும் சொல்வது ஸ்ட்ராபெரி கொய்யா. குட்டி இலை, நெல்லிக்காய் அளவில் சிவப்புப் பழம், அழகுச் செடியாகச் சில வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இந்த நூற்புழு அதன் வேரில் பெருக முடிவதில்லை. எதிர்ப்புச் சக்தியில் முதல் மதிப்பெண் கொடுக்கலாம். ஒட்டு பிடிப்பதில்தான் தோற்றுப்போகிறது. கொய்யாவுக்குக் குரோமோசோம் 22, இதற்கு அதைப் போலப் பல மடங்கு. உறவு என்றாலும் தூரத்து உறவு. பெரும்பாலான ஒட்டுகள் பிடிக்காது, பிடித்ததிலும் பல வளர்ச்சி குன்றி நிற்கும். ஹவாயிலும் மொரீஷியஸிலும் இது காட்டை ஆக்கிரமித்த களை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அடிவேரிலிருந்து கிளம்பும் போத்துகளை விட்டுவைத்தால், அந்தப் பழத்தைப் பறவைகள் கொண்டுபோய்ப் போட்டுவிடும். விளையாட்டுக்கு நாலு செடி ஒட்டிப் பார்க்கலாம், ஒரு ஏக்கரை இதை நம்பி விடக் கூடாது. கோஸ்டாரிகா கொய்யாவுக்கும் எதிர்ப்பு உண்டு என்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தச் செடியே அரிது என்பதால் அதற்குள் போகவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது கலப்பின அடிவேர்தான். பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா, கொய்யாவையும் சிடியம் கினீன்சே என்ற அதன் காட்டு உறவையும் கலந்து பிஆர்எஸ் குவாரசா என்ற அடிவேரை வெளியிட்டது. இதே நூற்புழுவை எதிர்க்கத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி கொய்யா என்பதால் கொய்யா ஒட்டும் அதில் பிடிக்கிறது. நம் நாட்டில் லக்னோவில் உள்ள மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனமும் சிடியம் மோலே என்ற செடியைக் கொய்யாவோடு கலந்து, வாடல் நோயைத் தாங்கும் அடிவேர் ஒன்றைக் கண்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், தாவரவியலில் மோலே என்பதும் கினீன்சே என்பதும் ஒரே செடியின் இரண்டு பெயர்கள். இரண்டு நாட்டுக்காரர்கள், இரண்டு வெவ்வேறு நோய்களைத் துரத்திக்கொண்டு போய், ஒரே உறவுக்காரச் செடியிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

இதை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளே வெவ்வேறாக இருப்பார்கள். லக்னோ கலப்பினம் தேர்ந்தெடுக்கப்பட்டது பூசண வாடலுக்கு. அதை நூற்புழுவுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கும்போது "எதற்கு எதிர்ப்பு?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம், கலப்பினத்தின் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. அடிவேரைக் குச்சியிலிருந்தோ பதியனிலிருந்தோதான் பெருக்க வேண்டும், வேலை அதிகம். இப்படிக் கன்று எளிதில் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். "கலப்பின அடிவேர், விதையிலிருந்து வளர்த்தது" என்று யாராவது விற்றால் நான் வாங்க மாட்டேன்.

நட்ட பிறகும் கவனம் தேவை. ஒட்டுப்பகுதி தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலாவது தெரிய வேண்டும். மண் அணைக்கிறோம் என்று அதை மூடிவிட்டால், மேலே உள்ள ரகம் தானே வேர் விட்டுவிடும். அதன்பின் புழுவுக்கு அந்த வேர் கிடைத்துவிடுகிறது, செலவழித்த பணம் மண்ணோடு போகிறது. அடியிலிருந்து வரும் போத்துகளை மாதம் ஒருமுறை கிள்ளி எடுக்க வேண்டும்.

வேரை மாற்றாமல் மண்ணைச் சரி செய்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே காய்க்கும் மரத்துக்கு அது ஒன்றுதான் வழி. வேப்பம் பிண்ணாக்கு, மட்கிய தொழு உரத்தில் பெருக்கிய பெசிலோமைசிஸ் பூசணம் (இப்போது பர்ப்பூரியோசிலியம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) ஆகியவற்றை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வேர்ப்பகுதியில், ஈரம் இருக்கும்போது கொடுக்கலாம். அந்தப் பூசணம் முட்டைகளைத் தின்னும். இரண்டு வருடம் தொடர்ந்து கொடுத்ததில், சுமாராக இருந்த என் மரங்கள் புதுச் சல்லிவேர் விட்டன. பாதிக்கு மேல் காய்ந்தவை திரும்பவில்லை. ஃப்ளுவோபைரம் போன்ற ரசாயனம் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் புழுவை ஒழிக்காது, எண்ணிக்கையைக் குறைக்கும் அவ்வளவுதான். கொய்யா வருடத்தில் இரண்டு மூன்று முறை காய்க்கிற மரம், குழந்தைகள் தோலோடு கடித்துத் தின்கிற பழம். பாட்டில் அட்டையில் கொய்யாவுக்கு அனுமதி என்று போட்டிருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்காமல் ஊற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். அக்கினி நட்சத்திர வெயிலில் பாலித்தீன் விரித்து மண்ணைச் சூடாக்குவது நாற்றங்கால் மண்ணுக்கு அருமையான வழி. தோட்டத்தில் மேல் அரை அடியைத்தான் அது சுத்தம் செய்யும், கொய்யா வேர் அதற்குக் கீழேயும் போகிறது.

ஊடுபயிரும் இதில் சேரும். இளம் கொய்யாவுக்கு நடுவே தக்காளி, கத்தரி, மிளகாய், தர்பூசணி போடுவது நம் வழக்கம். நாலுமே இந்தப் புழுவைப் பெருக்கும் பயிர்கள். நிலக்கடலை வேரில் இது பெருகுவதில்லை என்று அமெரிக்க ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வரும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத இடத்தில் கடலைதான் நல்லது.

இவ்வளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் எடுத்த முடிவு இது. புழு இல்லாத நிலத்துக்கு, நாமே பார்த்துக் கட்டி, வெயிலில் காயவைத்த மண்ணிலோ தனி நார்க்கழிவிலோ வைத்து, தரையைத் தொடாமல் மேடையில் வளர்த்த பதியன்தான் முதல் இடம். எங்கோ வளர்ந்த நாட்டு ஒட்டைவிட அது மேல். மானாவாரியாக இருந்தால் மட்டும் அதே சுத்தத்தில் வளர்த்த நாட்டு ஒட்டு. புழு இருக்கிற நிலத்தில் இவை இரண்டுமே வேண்டாம். நூற்புழு எதிர்ப்பு உறுதியான கலப்பின அடிவேர் கிடைத்தால் நடலாம், கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் சில வருடம் கொய்யாவையே மறந்துவிட வேண்டும்.

நிலத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தோட்டத்தில் ஏழெட்டு இடங்களில் ஒரு அடி ஆழத்து ஈர மண்ணை எடுத்துக் கலந்து, பைகளில் நிரப்பித் தக்காளி விதை போடுங்கள். நாற்பது நாள் கழித்துப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் புழு இருக்கிறது. அது எந்த இனம் என்று அறிய வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு மண்ணும் வேரும் அனுப்ப வேண்டும். கன்று வாங்கும்போதும் ஒரு கன்றின் விலையைக் கூடுதலாகக் கொடுத்து, அங்கேயே பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்க்கலாம். விற்பவர் மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

நான் செத்த மரங்களை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அவை நின்ற இரண்டு வரிசையில் கடலை போட்டிருக்கிறேன். கிணற்றடியில் இப்போது ஆறு பைகளில் தக்காளி நிற்கிறது. மூன்று அந்த வரிசைகளின் மண், மூன்று இதுவரை கொய்யா நடாத மேற்குக் காட்டு மண். மேற்கு மண்ணில் வேர் சுத்தமாக வந்தால், தை மாதம் அங்கே பதியன் நடுவேன்.