ஆங்கிலம் எழுத எந்த அகராதி நல்லது?

மகள் அடுத்த வருசம் ஓ/எல் (சாதாரண தரச் சோதனை) எழுதுகிறாள். யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் இரண்டு வகை அகராதியும் கிடைக்கும்: ஒன்று ஆங்கிலம்–தமிழ், மற்றது ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே கருத்துச் சொல்லும் மாணவர் அகராதி. நான் இரண்டாவதைத்தான் வாங்கினேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

வாசிக்க மட்டும் என்றால் ஆங்கிலம்–தமிழ் தாராளமாகப் போதும். கருத்து உடனே விளங்கிவிடும்.

எழுத வெளிக்கிட்டால்தான் சிக்கல். ‘டிஸ்கஸ்’ என்று தேடினால் ‘கலந்துரையாடு, விவாதி’ என்றிருக்கும், அதோடு சரி. பிள்ளை ‘பிரச்சினை பற்றிக் கலந்துரையாடினோம்’ என்று தமிழில் நினைத்து, ‘டிஸ்கஸ்ட் அபௌட் த ப்ரொப்ளம்’ என்று எழுதிவிடும். அந்த ‘அபௌட்’ அங்கே வரவே கூடாது. மாணவர் அகராதியில் அதே சொல்லின் கீழ் ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்பொடி’ என்று அமைப்பும் உதாரண வசனமும் இருக்கும். ‘அட்வைஸ்’ பக்கத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொல் என்ற குறி நிற்கும்; பிறகு ‘ஆலோசனைகள்’ என்ற நினைப்பில் ‘அட்வைசஸ்’ என்று எழுத மனம் வராது. ‘டிசிஷ’னுக்கு ‘டூ’ இல்லை, ‘மேக்’. எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற இந்த ஒரு விசயத்துக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

இந்த வகை அகராதி தாய்மொழி வேறாக உள்ளவர்களுக்கென்றே செய்யப்பட்டது. ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பியும் இன்னும் இருவரும் தொகுத்து 1942இல் அங்கே வெளியானதுதான், 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. 1978இல் வந்த லோங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றையும் விளக்கியது. சிக்கனமாக வசனம் எழுத இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ‘ரிட்டர்ன்’ என்பதன் விளக்கத்திலேயே ‘பாக்’ இருப்பதைக் கண்ட பிள்ளை, ‘ரிட்டர்ன் பாக்’ என்று எழுதாது.

காலங்களையும் வசன அமைப்பையும் பழக இலக்கணப் புத்தகம் தனியே வேண்டும். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்று போகும் ரேமண்ட் மர்ஃபியின் புத்தகம் வீட்டில் தானே படிக்கத் தோதானது. பிழை திருத்தும் போன் செயலி வேலைக் கடிதங்களுக்கு உதவும். சோதனை மண்டபத்துக்குள் அதைக் கொண்டுபோக முடியாது.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் இந்த மாணவர் அகராதியைக் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆங்கில விளக்கமே அவர்களுக்குப் பாரமாகலாம், அந்த வயதுக்கு இரண்டு வகை அகராதியும் இருந்தால் நல்லது. வாங்க வசதி இல்லாதவர்கள் யோசிக்க வேண்டாம்: ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பையும் கேட்கலாம்.