மதுரை கீழமாசி வீதியில் வாங்கிய 50 சுருட்டு: ருசி சரி, இழுவைதான் நம்ப முடியவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சுருட்டின் ருசியில் எனக்குக் குறையே இல்லை. திண்டுக்கல் பக்கம் கையால் சுற்றி, இரண்டு முனையும் வெட்டி, 25 வீதம் கட்டுப் போட்டு வருகிறது. நன்றாகச் சுற்றியது ஒன்று அமைந்துவிட்டால் காரம் தொண்டையை அறுக்காமல் கடைசி ஓர் அங்குலம் வரை ஒரே சீராகப் போகும். ஆனால் எது அமையும், எது அமையாது என்பது பற்றவைக்கிற வரை தெரியாது, என் கோபம் முழுக்க அதில்தான்.

நான் வாங்குவது இரண்டு காரியத்துக்கு. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கருப்பசாமிக்குப் படையலில் சுருட்டு வைக்க வேண்டும், மிச்சம் பெரியப்பாவுக்கு. அவருக்கு 74 வயது, டாக்டர் அடியோடு விடச் சொல்லிவிட்டார், வீட்டில் எல்லோருமாகச் சண்டை போட்டு இப்போது ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்குப் பிறகு ஒன்று என்ற அளவில் வந்து நிற்கிறது. வாரத்துக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிற மனிதருக்கு அந்த ஒன்றும் அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? தொடர்ந்து இரண்டு வாரம் அப்படித்தான் ஆயிற்று. கன்னம் குழி விழ இழுக்கிறார், புகை வரவில்லை, நாலு தீக்குச்சி தீர்ந்த பிறகு "விடுடா, இது ஆகாது" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். படையலிலும் பூசாரி பற்றவைத்து வைத்த மூன்றில் இரண்டு பாதியிலேயே அணைந்துவிட்டன. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

அப்புறம்தான் அதே கடையில் புதிதாக 2 கட்டு, ஒன்று 15 ரூபாய் வீதம் 750 கொடுத்து வாங்கி, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சோதிப்பது பெரிய வித்தை இல்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முனைக்கு முனை மெல்ல அமுக்கிக்கொண்டே போக வேண்டும், கட்டியாக ஓர் இடம் தட்டுப்பட்டால் சந்தேகம். பிறகு பற்றவைக்காமல் வாயில் வைத்து ஓர் இழுப்பு, காற்று வருகிறதா என்று. 50-இல் 31 நன்றாக இருந்தன. 11 அடைப்பு. 5 அமுக்கினாலே குழைந்தன, உள்ளே இலை போதவில்லை. மூன்றில் குண்டூசி குத்தியது போல வண்டு துளை. நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பனின் தராசில் போட்டுப் பார்த்தால் லேசானது 5.1 கிராம், கனமானது 7.8. ஒரே கட்டு, ஒரே விலை!

அடைத்த ஒன்றை பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள் இலைகள் நீளமாக, நடுவே காற்றுப் போக இடம் விட்டுப் படிந்திருக்க வேண்டும், இதில் ஓர் இலை முறுக்கிக்கொண்டு குறுக்கே கிடந்தது, கூடவே உரிக்காமல் விட்ட தடித்த நடுநரம்பு. இலையும் நமத்துப்போய் இருந்தது. இலை போதாமல் சுற்றியதில் இதற்கு நேர்மாறு, காற்று அதிகம் போய் விறுவிறுவென்று எரியும், புகை சுடும், கசக்கும். ஆக ஒரே கட்டில் பெரியப்பாவுக்கு ஒரு வாரம் அடைப்பு, மறுவாரம் கசப்பு.

கடையில் போய்க் காட்டினேன். அண்ணாச்சி தன்மையாகத்தான் பேசினார், வண்டு விழுந்த மூன்றையும் மாற்றிக் கொடுத்தார். அடைத்த 11-க்கு மட்டும், "கைவேலைன்னா அப்படி இப்படித்தான் தம்பி இருக்கும்" என்றார். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நிறம் கொஞ்சம் மாறட்டும், நீளம் ஒரு நெல்லளவு கூடட்டும் குறையட்டும், அதுதான் கைவேலை. இழுத்தால் புகை வராதது கைவேலை இல்லை, பார்க்காமல் விட்ட வேலை. எங்கள் தெருமுனையில் மல்லிகை கட்டுகிற அக்கா வாங்க வருகிறவர்களோடு பேசிக்கொண்டே கட்டுவார், முழத்துக்கு முழம் பூ இடைவெளி மாறாது. கை மாறாமல் செய்யக்கூடியதுதான்.

இதில் சுற்றுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை வேகத்தைத்தான் பார்க்கும், நமத்த இலையைக் கொடுத்தால் நமத்த இலையைத்தான் சுற்றுவார்கள். அந்தக் கைக்கும் கட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நின்று அமுக்கிப் பார்ப்பதில்லை, குறை அங்கேதான். உலகமே பெயர் சொல்கிற கியூபா சுருட்டிலும் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இதே அடைப்புப் புகார் பெரிதாக எழுந்து, அங்கே தொழிற்சாலைகளில் இழுவை பார்க்கும் மெஷின் வைத்தார்கள். மேல் இலை சுற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுவதால் அடைத்ததைப் பிரித்து மறுபடி சுற்றலாம், இலை வீணாகாது. நம் ஆட்களுக்கு மெஷின்கூட வேண்டாம், விரலே போதும். இலைக்கும் பஞ்சம் இல்லை, சுருட்டுப் புகையிலைக்கென்று வேடசந்தூரில் 1948 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் கட்டில் எந்த மாதம் சுற்றியது என்று ஒரு சீட்டுகூட இல்லை. நமத்தது பட்டறையிலா கடையிலா என்று யாரைப் போய்க் கேட்பது?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நமத்திருந்தால் உடனே பிடிக்காதீர்கள், காகிதத்தில் சுற்றி நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் என் 11-இல் 4 சரியானது போல உங்களுக்கும் சில தேறும். வெயிலில் காயப்போட்டால் மேல் இலை வெடித்துவிடும். வண்டு முட்டை 25 டிகிரிக்கு மேல் சுலபமாகப் பொரியும், மதுரையில் அது எல்லா மாதமும் உண்டு. அதனால் காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுங்கள்.

ஆடிப் படையலுக்கு எனக்கு இன்னும் 10 வேண்டும். கடையில் நின்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுக்க விடுவீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன், 20 ரூபாய் என்றாலும் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்றால் அங்கேயே வாங்குவேன். இல்லையென்றால் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, சுற்றுகிற இடத்திலேயே பார்த்து எடுத்துக்கொள்வேன்.