உருவம் நகரும் முதல் பக்கம்: விளையாட்டு நிரலாக்க நூல்கள் நான்கு பற்றிய மதிப்புரை

கணினி விளையாட்டு எழுதக் கற்றுத்தரும் நூல் எதைக் கையில் எடுத்தாலும், நான் முதலில் தேடிப் புரட்டுவது திரையில் ஓர் உருவம் முதன்முறையாக நகரும் பக்கத்தைத்தான். அம்பு விசையை அழுத்தினால் ஒரு சதுரமோ விண்கலமோ வலப்பக்கம் நகர வேண்டும், அவ்வளவே காரியம். அதற்கான பத்துப் பன்னிரண்டு வரி நிரலை நூலாசிரியர் எப்படி எழுதியிருக்கிறார், எதை விளக்கியிருக்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறார் என்று பார்த்தாலே மீதிப் பக்கங்கள் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடுகிறது.

காரணம் இதுதான். எந்த விளையாட்டின் உள்ளேயும் கேம் லூப் எனப்படும் ஒரு சுழற்சி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. விசைகளில் எது அழுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது, அதற்கேற்ப விளையாட்டின் நிலையை மாற்றுவது, மாறிய நிலையைத் திரையில் வரைவது என்ற மூன்று வேலைகளும் நொடிக்கு 60 முறை நடந்தால், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடிதான். சுற்றுக்கு 5 பிக்சல் நகர்த்து என்று எழுதிவிட்டால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் உருவம் 300 பிக்சல் போகும். அதே நிரல் 144 முறை புதுப்பிக்கும் திரையோடு இணைந்து ஓடினால் 720 பிக்சல் பாயும். விளையாட்டு ஒன்றே, ஆனால் ஒருவருக்கு நிதானமாகவும் இன்னொருவருக்குக் கட்டுக்கடங்காமலும் இருக்கும். வேகத்தைச் சுற்றுக்கு இத்தனை என்று கணக்கிடாமல் நொடிக்கு இத்தனை என்று வைத்து, முந்தைய சுற்றிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கினால் இந்தக் கோளாறு தீரும். இதைச் சொல்லித்தராத நூல், விளையாட்டு நிரலாக்கத்தின் அடிப்படையையே சொல்லித்தரவில்லை என்பது என் கருத்து.

தொடக்கநிலையினருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஆல் ஸ்வைகார்ட்டின் ‘இன்வென்ட் யுவர் ஓன் கம்ப்யூட்டர் கேம்ஸ் வித் பைத்தான்’ என்ற நூலை. ஆசிரியரே இதை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறார். நிரல் என்றால் என்னவென்றே அறியாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த நூல், படங்களோடும் ஒலியோடும் தொடங்குவதில்லை. 1 முதல் 20 வரை ஓர் எண்ணைக் கணினி நினைத்துக்கொள்ள, ஆறு வாய்ப்புகளுக்குள் நாம் அதைக் கண்டுபிடிக்கும் சிறு விளையாட்டுதான் ஆரம்பம். அதன்பின் எழுத்துகளைக் கொண்டு சொல்லைக் கண்டுபிடிப்பது, டிக்-டாக்-டோ எனப்படும் மூன்று கட்டம் ஆடுவது என்று வெறும் எழுத்துத் திரையிலேயே பாதி நூலுக்கு மேல் நடக்கிறது. அவசரப்படுகிறவர்களுக்கு இது சலிப்பூட்டலாம், ஆனாலும் அந்தப் பகுதியை ஒருவரும் தாண்டக் கூடாது. மூன்று கட்ட விளையாட்டில் கணினி எப்படி யோசிக்கிறது என்பதை அவர் ஐந்தே படிகளில் காட்டிவிடுகிறார். தான் வெல்லும் கட்டம் உண்டா என்று முதலில் பார்க்கும், பிறகு எதிராளி வெல்லவிருக்கும் கட்டத்தை அடைக்கும், பிறகு மூலை, பிறகு நடு, கடைசியாக ஓரம். செயற்கை நுண்ணறிவு என்ற பெரிய சொல்லைக் கேட்டு மிரண்டிருந்த ஒரு மாணவர் இந்த ஐந்து படிகளையும் தாமே தட்டச்சு செய்து ஓட்டிவிட்டு, கணினியிடம் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாமல் திகைத்து உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் திகைப்பைத் தரும் நூலுக்கு எத்தனை குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமலும் இல்லை. நூலின் கடைசிப் பகுதி படத்தையும் ஒலியையும் கையாள உதவும் பைகேம் என்ற தொகுப்புக்கு மாறுகிறது. மேலிருந்து விழும் எதிரிகளிடம் சிக்காமல் தப்பிக்கும் விளையாட்டோடு நூல் முடிகிறது. அதில் நாயகன் சுற்றுக்கு 5 பிக்சல் நகர்கிறான். சுழற்சி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடாதபடி கட்டுப்படுத்தும் ஒரு வரி இருப்பதால் வேகமான கணினியில் ஆட்டம் தறிகெட்டு ஓடாது. ஆனால் கணினி திணறினால் ஆட்டமும் சேர்ந்து திணறும். இது ஒன்று. இன்னொன்றை நிரலைக் கூர்ந்து படித்தால்தான் காண முடியும். இடப்புற விசைக்கு ஒரு நிபந்தனை, மேல் விசைக்குத் தனியாக இன்னொரு நிபந்தனை என்று இருப்பதால், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு நகர்வும் நடக்கும். அப்போது நாயகன் சாய்வாகக் கடக்கும் தூரம் 5 அல்ல, ஏறத்தாழ 7.07 பிக்சல். நேராகப் போவதைவிடச் சாய்வாகப் போனால் 41 விழுக்காடு வேகம் கூடுகிறது. இரண்டின் வர்க்கமூலம் இங்கே வந்து நிற்கிறது என்பதை நூல் சொல்வதில்லை. இதில் எனக்கு ஆற்றாமை ஏற்படக் காரணம், இதே நூலின் நான்காம் பதிப்பில், கடலுக்கடியில் புதையல் தேடும் விளையாட்டுக்காகப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கணக்கிடும் வரியை ஆசிரியரே எழுதியிருக்கிறார். கையில் இருந்த கருவியை இரண்டாம் முறை எடுத்துக் காட்டியிருந்தால், பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம் விளையாட்டின் நகர்வுக்குள்ளும் இருக்கிறது என்பதை மாணவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

அந்த இடைவெளியை நிரப்ப டேனியல் ஷிஃப்மனின் ‘தி நேச்சர் ஆஃப் கோட்’ உதவுகிறது. 2012இல் வந்தபோது பிராசெசிங் என்ற மொழிச்சூழலிலும், 2024இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டிலும் எடுத்துக்காட்டுகள் அமைந்திருக்கின்றன. நேரடியாக விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட நூல் அல்ல இது; இயற்கையின் அசைவுகளை நிரலில் எப்படிக் கொண்டுவருவது என்பதே இதன் பொருள். ஆயினும் அளவும் திசையும் சேர்ந்த திசையன்களைப் (வெக்டர்) பற்றிய இதன் அத்தியாயத்துக்கு இணையாகத் தொடக்கநிலையினருக்கு வேறொன்றை என்னால் சுட்ட முடியவில்லை. இடம், வேகம், முடுக்கம் மூன்றும் மூன்று திசையன்கள். முடுக்கத்தை வேகத்தோடு கூட்டு, வேகத்தை இடத்தோடு கூட்டு என்ற இரண்டு வரிகளிலிருந்து ஈர்ப்பு, காற்று, உராய்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்து வருகின்றன. கணிதத்தைக் கண்டு அஞ்சுகிறவர் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்தாலே போதும். பிற்பகுதியில் வரும் மரபணு வழிமுறைகளையும் நரம்பு வலைப்பின்னல்களையும் விளையாட்டு எழுதுகிறவர் அப்போதைக்கு ஒத்திவைக்கலாம்.

இதற்கிடையே, புத்தகக் கடைகளில் அதிகம் தென்படுவது இந்த வகை நூல்களே அல்ல. விளையாட்டு உருவாக்க உதவும் மென்பொருளான என்ஜின்களுள் குறிப்பிட்ட ஒன்றைப் படங்களோடு விளக்கும் நூல்கள்தான். அப்படிப்பட்ட தடித்த நூல் ஒன்றை வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். எந்த மெனுவில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பக்கத்துக்கு இரண்டு திரைப்பிடிப்புப் படங்கள் வீதம் அச்சிட்டிருந்தார்கள். நான் கணினியில் நிறுவியிருந்ததோ அந்த என்ஜினின் அடுத்த பதிப்பு. மூன்றாம் அத்தியாயத்திலேயே நூல் சொன்ன பொத்தான் திரையில் இல்லை, நூல் தந்த நிரலும் ஓடவில்லை. நூலில் ஏன் என்ற கேள்விக்கு எங்கும் இடம் இல்லாததால், மாறிப்போனதைச் சரிசெய்துகொள்ளும் வழியும் எனக்குத் தெரியவில்லை. இது ஏதோ ஒரு என்ஜினுக்கு மட்டும் உரிய நிலை அன்று. 2023 மார்ச்சில் கோடோ என்ற என்ஜினின் 4.0 பதிப்பு வந்தபோது, நகரும் உருவத்துக்கு முந்தைய பதிப்பில் கைனமேட்டிக்பாடி2டி என்றிருந்தது கேரக்டர்பாடி2டி எனப் பெயர் மாறியது. உருவத்தை நகர்த்தும் அழைப்புக்குள் வேகத்தைக் கொடுக்கும் முறையும் போய், வேகம் அந்த உருவத்தின் பண்பாகவே ஆனது. அதாவது உருவம் நகரும் அந்த முதல் பக்கமே செல்லாமல் போய்விட்டது. 2020 இறுதியோடு, இணைய உலாவிக்குள் விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரின் ஆதரவு நிறுத்தப்பட்டபோது, ஃபிளாஷில் விளையாட்டு எழுதச் சொல்லித்தந்த ஓர் அலமாரி நூல்களுக்கும் இதே கதிதான். என்ஜின் நூல்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் நூல் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்து, அதே பதிப்பை நிறுவிக்கொண்டு படிக்க வேண்டும்.

என் அலமாரியில் அதிகம் கசங்கிப்போன நூல் ராபர்ட் நிஸ்ட்ரோமின் ‘கேம் புரோகிராமிங் பேட்டர்ன்ஸ்’. 2014இல் அச்சில் வந்தது. இதையும் இணையத்தில் முழுமையாக, இலவசமாகப் படிக்கலாம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதியவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. நிரல் எழுதத் தெரிந்து, சிறு விளையாட்டு ஒன்றை முடித்து, அடுத்ததைப் பெரிதாக எழுதப்போய்ச் சிக்கிக்கொண்டவருக்கான நூல் இது. எடுத்துக்காட்டுகள் சி++ மொழியில் இருந்தாலும் பைத்தான் மட்டும் அறிந்தவரும் தொடர்ந்து படித்துவிடலாம்.

ஸ்டேட் (நிலை) என்ற அத்தியாயத்தைப் பாருங்கள். நாயகி விசையை அழுத்தினால் குதிக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. ஆனால் அந்தரத்தில் இருக்கும்போதும் அழுத்திக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி குதித்து மிதந்துகொண்டே இருப்பாள் என்பதால், குதித்துக்கொண்டிருக்கிறாளா என்று குறித்துவைக்க ஒரு மாறி சேர்கிறது. பிறகு குனிவது வருகிறது. குனிந்தபடியே குதித்துவிட்டு விசையை விட்டால் அந்தரத்திலேயே நின்ற கோலத்துக்கு மாறிவிடுகிறாள் என்று இன்னொரு மாறி சேர்கிறது. ஒன்றைச் சேர்த்தால் வேறொன்று உடைகிறது. நம் நிரலில் நாமே பட்ட பாடு அப்படியே கண்முன் விரிகிறது. அதன்பிறகுதான் அவர் தாளை எடுத்து நிற்றல், குதித்தல், குனிதல், பாய்தல் என்று நான்கு கட்டங்களை வரைந்து, எந்த விசைக்கு எந்தக் கட்டத்திலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புக்குறி போடுகிறார். தீர்வை முதலில் கொடுத்துவிட்டு அதற்கொரு சிக்கலைத் தேடும் நூல்களுக்கு நடுவே, சிக்கலில் நம்மை நன்றாக நனைத்துவிட்டுப் பிறகு தீர்வுக்கு வரும் இந்த முறைக்காகவே இதைக் கொண்டாடலாம். ஒவ்வொரு உத்தியையும் எப்போது பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறார். ஒரு வகைப் பொருள் நிரலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்படி செய்யும் சிங்கிள்டன் என்ற புகழ்பெற்ற உத்திக்கான அத்தியாயம் முழுவதும் அதை ஏன் தவிர்க்க வேண்டும் என்ற வாதம்தான்.

கேம் லூப் அத்தியாயத்தில்தான் நான் தேடும் பக்கம் இருக்கிறது. கடந்த நேரத்தால் பெருக்கினால் போதும் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது முழுத் தீர்வு அல்ல என்பதை இவரிடம்தான் கற்றேன். வேகமான கணினியில் ஒரு துப்பாக்கிக் குண்டின் இடம் சிறு சிறு தப்படிகளாகப் பலமுறை கணக்கிடப்படுகிறது, மெதுவான கணினியில் பெரிய தப்படிகளாகச் சிலமுறை. தசம எண்களைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் துளி அளவு பிழை சேர்வதால், வலைப்பின்னலில் சேர்ந்து ஆடும் இருவரின் திரைகளிலும் அதே குண்டு வெவ்வேறு இடத்தில் போய் நிற்கும். ஆகவே விளையாட்டின் நிலையை மாறாத சிறு கால அளவுகளில் முன்நகர்த்தி, வரைவதை மட்டும் கணினியால் முடிந்த வேகத்தில் செய்யச் சொல்கிறார். மிச்சமிருக்கும் துளி நேரத்தைக் கொண்டு இரு நிலைகளுக்கு நடுவே எங்கே வரைவது என்று ஊகிக்கும் கடைசிப் படியை நான் மூன்று முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஜேசன் கிரிகோரியின் ‘கேம் என்ஜின் ஆர்க்கிடெக்சர்’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. முதல் பதிப்பு 2009இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2018இல். நாட்டி டாக் என்ற விளையாட்டு நிறுவனத்தில் பணியாற்றிய இவர் எந்த விளையாட்டையும் இதில் எழுதிக் காட்டுவதில்லை, எனவே தொடக்கநிலையினர் இதை வாங்கி அடுக்கிவைப்பதில் பயனில்லை. நினைவக ஒதுக்கீடு, அசைவூட்டம், மோதல் கண்டறிதல் என்று தேவைப்படும்போது தேவைப்படும் அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படிக்க வேண்டிய நூல். நொடிக்கு 1,200 பிக்சல் போகும் குண்டு 60 சுற்றில் சுற்றுக்கு 20 பிக்சல் தாவும். 10 பிக்சல் தடிமன் உள்ள சுவரை அது தொடாமலே கடந்துவிடலாம். இந்தச் சிக்கலைக் குண்டும் காகிதமும் என்ற உவமையால் எடுத்துரைத்து, தாவிய பாதை முழுவதையும் ஓர் உருவமாகக் கருதிச் சோதிக்கும் வழியைச் சொல்கிறார். பிழை தேடுவதற்காக நிரலை நடுவில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால், கடந்த நேரம் பல நொடிகளாகக் கணக்காகி எல்லா உருவங்களும் திரைக்கு வெளியே பறந்துவிடும் என்று எச்சரித்து, அதற்கொரு உச்சவரம்பு வைக்கச் சொல்லும் ஒரு சிறு பத்தி எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின், ஸ்வைகார்ட்டின் அந்தக் கடைசி விளையாட்டை மீண்டும் திறந்தேன். சுற்றுக்கு 5 என்பதை நொடிக்கு 300 ஆக்கினேன். இரு விசைகள் சேர்ந்து அழுத்தப்பட்டால் நகர்வை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தேன். கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் என்னால் முன்போல ஆட முடியவில்லை. சாய்வாகப் பாய்ந்து தப்பிக்கும் பழக்கம் என் விரல்களில் ஊறியிருந்ததும், அந்த 41 விழுக்காட்டை நம்பியே நான் இத்தனை நாள் பிழைத்து வந்ததும் அப்போதுதான் புரிந்தது. எதிரிகள் சுற்றுக்கு 1 முதல் 8 பிக்சல் வரை விழுகிறார்கள். அந்த மேல்வரம்பை 7 ஆகக் குறைத்து, 6 ஆகக் குறைத்து, மறுபடி 7 ஆக்கி, ஒரு மாலை முழுவதும் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த எண் சரி என்று சொல்லும் பக்கம் இந்த நான்கு நூல்களிலும் இல்லை.