கடனோடு சேர்த்து விற்கிற காப்பீடு: எத்தனை ஸ்டார் போடலாம்?

குழுக் கடன் தரும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கிறார்களே, அந்தக் காப்பீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆயுள் காப்பீடு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அதில் மலிவான வகையை எடுத்தால், கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கி அடைபடும், அவ்வளவுதான். கடன் கொடுத்தவரின் பணம்தான் முதலில் பத்திரமாகிறது. தவணை கட்டக் கட்டப் பாக்கி குறையும், பாக்கி குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே வரும், கட்டிய பிரீமியத்தில் மட்டும் எதுவும் திரும்பி வராது. அந்தப் பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி ஓடும்!

சரி, நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. கடன் பிள்ளைகள் தலையிலோ குழுவில் உள்ள மற்றவர்கள் தலையிலோ விழாது. சின்னத் தொகை என்பதால் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையும் கேட்கமாட்டார்கள். வாங்கிய கடன் அளவுக்கே காப்பீட்டைக் குறையாமல் வைத்து, பாக்கி போக மீதியை நாமினிக்குத் தருகிற வகையும் உண்டு. கணவன் மனைவி இருவரையும் சேர்க்கிற வகையும் உண்டு. எடுப்பதென்றால் இந்த மாதிரிதான் எடுக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டைத் திணிப்பது வேறு கதை. இந்தியாவில் எஸ்கேஎஸ் மைக்ரோஃபைனான்ஸ் என்ற குறுங்கடன் நிறுவனம் 2007இல், கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் மருத்துவக் காப்பீடும் எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிப் பார்த்தது. பானர்ஜி, டஃப்லோ, ஹார்ன்பெக் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்ததில், கடன் புதுப்பித்தவர்களின் விகிதம் 16 சதவீதப் புள்ளிகள் சரிந்திருந்தது. நோயாளிகள் மட்டும் வந்து குவிவார்கள் என்பது காப்பீட்டுக்காரர்களின் வழக்கமான பயம், இங்கே வாங்கவே ஆள் இல்லை. மலாவியில் விவசாயக் கடனோடு மழைக் காப்பீட்டைச் சேர்த்தபோதும் இதே கதைதான், வெறும் கடனை 33 சதவீதம் பேர் வாங்க, காப்பீடு சேர்ந்த கடனை வாங்கியவர்கள் 13 சதவீதப் புள்ளிகள் குறைவு. பயிர் போனால் எங்களிடம் எதைப் பிடுங்குவீர்கள் என்று அந்த விவசாயிகள் நினைத்திருக்கலாம், அதுவும் ஒரு கணக்குதானே.

அப்புறம் க்ளெய்ம். எந்தக் காப்பீட்டுக்கும் மார்க் போடவேண்டிய இடம் இதுதான். அடையாள அட்டையில் ஒரு பெயர், லோன் கார்டில் இன்னொரு பெயர், நாமினிக்கு வங்கிக் கணக்கே இல்லை, இப்படியே இழுக்கும். தவணைக்கு நாள் தவறாமல் வந்த கள அலுவலர் இறப்புச் சான்றிதழை வாங்கிப்போக வரமாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில், க்ளெய்ம் முடிகிறவரை தவணையைக் கட்டச் சொல்லி அந்தக் குடும்பத்திடமே கேட்டார்கள். கேள்வி கேட்டால், மேலிடத்து உத்தரவாம்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளில், கடன் அல்லாத எதை விற்றாலும் வாங்குபவரின் முழுச் சம்மதம் வேண்டும், அதற்கான கட்டணம் லோன் கார்டிலேயே தெரிய வேண்டும் என்று இருக்கிறது. கார்டில் அந்த வரி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாக்கியை மட்டும் அடைக்கிற வகைக்கு 2 ஸ்டார். நாமினிக்கும் பணம் தருகிற வகைக்கு மூன்றரை. கடன் முடிகிற அன்றைக்கே காப்பீடும் முடிந்துபோவதால் அதற்கு மேல் போட மனசு வரவில்லை.