பழைய வெப்ஸ்டர் அகராதியும் 'எமல்ஜென்ட்' என்னும் சொல்லும்

புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் ஆங்கில அகராதியை 900 ரூபாய்க்கு வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. மருத்துவ நூல்களைத் தமிழாக்குவது என் தொழில் என்பதால், வேறெங்கும் அகப்படாத ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த அகராதியையும் சோதித்துப் பார்ப்பேன். இம்முறை அந்தச் சொல் 'எமல்ஜென்ட்'.

பழைய உடற்கூற்று நூலொன்றில் 'எமல்ஜென்ட் சிரைகள்' என்று வந்ததை அச்சுப்பிழை என்றே முதலில் எண்ணினேன். கணினியும் சிவப்புக் கோடிட்டு 'எமர்ஜென்ட்' என்று திருத்தச் சொன்னது. மேசையில் இருந்த மாணவர் அகராதியில் அச்சொல்லே இல்லை. வெப்ஸ்டரில் அது இருந்தது: பெயரடையாக வந்தால் சிறுநீரகத்தைச் சார்ந்தது, பெயராக வந்தால் சிறுநீரகத் தமனி அல்லது சிரை, மருத்துவத்தில் பித்தத்தைப் பெருகச் செய்யும் மருந்து. இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது அங்கே கொடுத்திருந்த பெயர்க்காரணம்தான். 'எமுல்கேரே' என்ற இலத்தீன் வினைக்குக் கறந்தெடுத்தல் என்று பொருள். இந்த நாளங்கள் இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பால் கறப்பதுபோல் பிரித்துச் சிறுநீரை உண்டாக்குகின்றன என்று முற்காலத்தவர் நம்பியதால் அப்பெயர் அமைந்ததாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் சிறுநீரகத்துக்குள் உள்ள நுண்குழல் முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது என்பதை அறிந்த நமக்கு, நாளமே கறக்கிறது என்பது பிழை. ஆயினும் உறுப்பின் பெயரை மட்டும் சுட்டி நின்றுவிடும் 'ரீனல்' என்ற இன்றைய சொல்லைவிட, அந்தப் பிழையில்தான் ஒரு காலத்தின் எண்ணம் தெரிகிறது. எங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயின்டர் அடித்த எமல்ஷனும் இதே வினையிலிருந்து பிறந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். பழைய பிரெஞ்சு மருத்துவத்திலும் 'எமல்ஜென்ட்' என்ற சொல் வழங்கியதால், இவ்வூரில் பிரெஞ்சு நூல்களைப் புரட்டுவோருக்கும் இக்குறிப்பு உதவும்.

மொழிபெயர்ப்பின் உடலில் 'சிறுநீரகச் சிரை' என்று எழுதி, அடிக்குறிப்பில் மட்டும் 'கறவை நாளம்' என்று சேர்த்தேன். கறவை மாடுதான் நினைவுக்கு வருகிறது என்று பதிப்பாசிரியர் சிரித்தார். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறைகளும் உண்டு. எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று விற்றவர் சொன்னதை நம்பி வந்த எனக்கு, டபிள்யூ எழுத்தில் பதினாறு பக்கங்கள் இல்லாதது வீட்டில்தான் தெரிந்தது. முதுகு கிழிந்து தையல் வெளியே தெரிகிறது. கடற்காற்றின் ஈரத்தில் இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருக்கிறது. எழுத்து பொடியாக இருப்பதால் இரவில் உருப்பெருக்கி இல்லாமல் படிக்க இயலாது. ஒரு சொல் எந்த ஆண்டில் வழக்குக்கு வந்தது, எப்போது மறைந்தது என்ற விவரமும் இதில் கிடைக்காது. அது வேண்டுவோர் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியைத்தான் நாட வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இதே அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய தாளின் மணமும் கட்டைவிரல் வைக்க ஓரத்தில் வெட்டிய எழுத்துப் பள்ளங்களும் தேவையில்லாதவர்கள் 900 ரூபாயை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.