அட்வான்ஸ் பணமும் இம்ப்ரோவ் ஒர்க்‌ஷாப்பும்: போயிட்டு வந்த ரிவ்யூ

போன ஞாயித்துக்கிழமை மந்தைவெளில ஒரு வீட்டு மொட்டை மாடில நடந்த இம்ப்ரோவ் ஒர்க்‌ஷாப்புக்கு போயிருந்தேன், 900 ரூபா, மூணு மணி நேரம், மொத்தம் 14 பேர். போஸ்டர்ல "தடைகளைத் தாண்டி விளையாடு"ன்னு போட்டிருந்தத பாத்து தன்னம்பிக்கை பேச்சா இருக்குமோன்னு பயந்துக்கிட்டேதான் போனேன்.

முதல் 40 நிமிஷம் பயந்த மாதிரியேதான். ஸ்க்ரிப்ட் இல்லாம நடிக்கறதுதான் இம்ப்ரோவ், இத சொல்ல எதுக்குங்க ப்ரொஜக்டர்? வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா சிகாகோல, வேற நாட்டுலேர்ந்து வந்து குடியேறினவங்க பசங்களுக்காக இந்த மாதிரி கேம்ஸ் உருவாக்குனாங்கன்னு சொன்னது மட்டும் மனசுல நின்னுது.

அப்புறம் "நல்லவேளை, ஆனா பாருங்க"ன்னு ஒரு கேம். வட்டமா நின்னு ஒருத்தர் சிக்கல் சொல்லணும், அடுத்தவர் அதுலேர்ந்து தப்பிக்கணும், அதுக்கடுத்தவர் திரும்ப மாட்டிவிடணும். கிளாம்பாக்கம் போறதுக்குள்ள பஸ் கெளம்பிடுச்சு, நல்லவேளை டிரைவர் என் மச்சான், ஆனா பாருங்க மச்சானுக்கு நான் அஞ்சாயிரம் தரணும்... இப்டி போய்ட்டிருந்தப்ப என் டர்ன்ல "நல்லவேளை எல்லாம் கனவு"ன்னு சொல்லி மொத்தத்தையும் முடிச்சு விட்டுட்டேன், எல்லாரும் ச்சேன்னுட்டாங்க.

காசுக்கு வொர்த்துன்னா அது ஃபோரம் தியேட்டர்தான். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் கொண்டு வந்தது. நம்ம நெஜ பிரச்சனைய குட்டி நாடகமா போடணும், அது தோத்துதான் முடியும், திரும்ப ஆரம்பத்துலேர்ந்து போடுவாங்க, பாக்கறவங்க யார் வேணா ஸ்டாப் சொல்லி மாட்டிக்கிட்டவன் எடத்துக்கு வந்து வேற மாதிரி ட்ரை பண்ணலாம். நடத்தறவருக்கு பேரு ஜோக்கராம்.

நான் என் பழைய ஹவுஸ் ஓனர் கதைய குடுத்தேன். காலி பண்ணி மூணு மாசமாச்சு, 80,000 அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்கு மட்டும் 35,000 புடிப்பேங்கறார். நானா நானே நடிச்சேன், ரெண்டே நிமிஷத்துல "சரி சார்"னு எந்திரிச்சிட்டேன். அடுத்து ஒரு தம்பி வந்து போலீஸ்ல சொல்லுவேன்னான், ஓனரா நடிச்சவர் சிரிச்சிக்கிட்டே "போங்க தம்பி"ன்னார். இன்னொருத்தர் நான் ஓனரா வந்து நல்லவனா மாறிடறேனேன்னார், அது செல்லாதுன்னுட்டாரு ஜோக்கர். ஊருல எந்த ஓனர் அப்டி மாறுனாரு!

கடைசியா பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு ஆன்ட்டி எந்திரிச்சு வந்தாங்க. சண்டையே போடல. உக்காந்தாங்க, குடிக்க தண்ணி கேட்டாங்க, நிதானமா குடிச்சாங்க, "அந்த பெயிண்ட் பில்ல கொஞ்சம் காட்டுங்களேன்"னாங்க. ஓனரா நடிச்சவருக்கு பேச்சே வரல, மாடியே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. மூணு மாசத்துல ஒரு தடவ கூட பில்லு கேக்கணும்னு தோணலயேன்னுதான் ஓடிட்டிருந்துச்சு.

கொறைன்னு பாத்தா, ஃபேன் பத்தல, நாலு மணி வெயில் நேரா மூஞ்சில அடிக்குது, பாதி இன்ஸ்ட்ரக்‌ஷன் இங்கிலீஷ்லயே போச்சு, கடைசில கைய கோத்துக்கிட்டு ஆளாளுக்கு ஃபீலிங்ஸ் சொன்ன 20 நிமிஷம் எனக்கு செட் ஆகல. லெக்சர கட் பண்ணிட்டு ஃபோரமுக்கு இன்னும் ஒரு மணி நேரம் குடுத்தா அஞ்சு ஸ்டார், இப்போதைக்கு மூணரை.

நேத்து ஓனருக்கு வாட்ஸப்ல பெயிண்ட் பில் அனுப்புங்க சார்னு போட்டேன். ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் இன்னும் வரல.